இன்ஜினுக்குள் நட்டு விழுந்துடுச்சா? சாவியைத் தொடாதீங்க! பழைய அம்பாசடர், பத்மினி வச்சிருக்கவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொட்டதும், ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலைக் கொண்டு வந்துவிடும். ஆகஸ்ட் வரை சீசன்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளிக்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கோ கொஞ்சம் திண்டாட்டம்.

காரணம், ஈரம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் பிளக்குக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள் ஈரம் இறங்கினால் மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். இரவு முழுக்க சாரலில் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். உடனே பானெட்டைத் திறப்பார்கள். பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள், பாயிண்டைத் தேய்ப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் ஈரக் கையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூவோ வாஷரோ நழுவும். 'டிங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஆளைக் காணோம். கீழே விழுந்ததா, இன்ஜினுக்குள் போனதா தெரியாது. "எங்கேயாவது விழுந்திருக்கும், ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டு சாவியைத் திருப்பினால்தான் சிக்கலே.

சின்ன வாஷர்தானே, என்ன ஆகிடும்?

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிஸ்டனும் சுமார் 89 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே வரும்போது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். அந்த இடத்தில் ஒரு இரும்பு வாஷர் கிடந்தால், சுத்தியலுக்கும் பட்டறைக் கல்லுக்கும் நடுவில் மாட்டிய மாதிரிதான்.

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 2 விநாடியில் பிஸ்டன் ஆறு, ஏழு முறை மேலே வந்து இடித்துவிடும். இன்ஜின் ஓட ஆரம்பித்து ஐடிலில் 800 சுற்று வந்தால், விநாடிக்கு 13 இடி.

பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. முதலில் குழி விழும், அப்புறம் விரிசல். வாஷர் வால்வுக்கு அடியில் சிக்கினால் வால்வு வளையும். சிலிண்டர் சுவரில் கோடு விழுந்தால் போரிங் வரை போகும்.

புது காராக இருந்தால் பார்ட்ஸ் வாங்கிப் போடலாம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அம்பாசடர் தயாரிப்பை 2014 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. பத்மினியின் தயாரிப்பு அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றுபோனது. மும்பையில் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. அதனால் இந்த வண்டிகளில் உடைந்ததை மாற்றுவதைவிட, உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வாகனத்தை 'வின்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பா, தாத்தா காலத்து வண்டியை அப்படிப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு, கூடவே வந்த இன்ஜினைக் காப்பாற்றுவது இன்னும் முக்கியம்.

முதல் 5 நிமிடத்தில் என்ன செய்யணும்?

எதுவும் சுற்றக் கூடாது. இதுதான் முதல் விதி.

சாவியை எடுத்து பாக்கெட்டில் போடுங்க. பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி விடுங்க. யாராவது தெரியாமல் செல்ஃப் அடித்தாலும் இன்ஜின் சுற்றாது.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாங்க. குற்றாலம் பக்கம் மேடு பள்ளம் அதிகம். சரிவில் வண்டியை கியரில் போட்டு நிறுத்துவது பலருக்குப் பழக்கம். அப்படி நிற்கும் வண்டி கொஞ்சம் அசைந்தாலும் இன்ஜின் சேர்ந்து சுற்றும். அதனால் முதலில் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் நியூட்ரல் ஆக்குங்க. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதும் அதே ஆபத்துதான்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க. ஏன் என்று கீழே பார்ப்போம்.

உண்மையிலேயே உள்ளே விழுந்ததா?

பல நேரம் தொலைந்த பொருள் இன்ஜினுக்குள் போயிருக்காது. மேனிஃபோல்டு மேலேயோ, இன்ஜின் மவுண்ட் இடுக்கிலோ, சேசிஸ் குறுக்குக் கம்பியின் மேலேயோ உட்கார்ந்திருக்கும்.

வண்டிக்கு அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரிங்க. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிங்க. நேராக அடிக்கும் வெளிச்சத்தைவிடச் சாய்ந்த வெளிச்சத்தில் சின்ன பொருளின் நிழல் நன்றாகத் தெரியும். நீளமான காந்தக் குச்சியை இடுக்குகளில் விட்டு இழுத்துப் பாருங்க.

கழற்றியவற்றை எண்ணிப் பார்ப்பதும் அவசியம். ஒரு பிளக்கின் தலையில் இருந்த சின்ன நட்டு காணோமா, பாயிண்ட் ஸ்க்ரூ காணோமா, வாஷர் காணோமா? விழுந்தது எது, எவ்வளவு பெரிது, இரும்பா பித்தளையா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே மாதிரி இன்னொரு ஸ்க்ரூவை எடுத்துக் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடலாம்.

வெளியே எங்கும் இல்லை என்றால், உள்ளே போனதாகவே எடுத்துக்கொள்ளுங்க. "கிடைக்கல, ஆனா உள்ள போயிருக்காது" என்று நினைப்பதுதான் செலவு வைக்கும்.

பிளக் ஓட்டை வழியாக விழுந்தால்...

அம்பாசடர் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர். இப்போது செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராக்கள் 5.5 மில்லிமீட்டர் தடிமனிலேயே ஆன்லைனில் கிடைக்கின்றன. நுனியில் லைட்டும் உண்டு. பிளக் ஓட்டை வழியாக விட்டால் பிஸ்டன் தலையில் என்ன கிடக்கிறது என்று செல்போன் திரையிலேயே பார்க்கலாம். முன்பு ஹெட்டைக் கழற்றினால்தான் தெரிந்த விஷயம் இது.

பொருள் இரும்பு என்றால் காந்தக் குச்சி போதும். ஆனால் ஒரு சிக்கல் வரும். அம்பாசடரின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. காந்தத்தை உள்ளே விட்டதும் அது சுவரிலேயே ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. இதற்கு எளிய வழி, காந்தத்தின் பக்கவாட்டை பிளாஸ்டிக் உறையால் மூடி, நுனியை மட்டும் வெளியே விடுவது. தடித்த வயரின் உறையோ, இளநீர் ஸ்ட்ராவோ அளவாக இருந்தால் போதும். அது கழன்று உள்ளே விழாதபடி டேப் சுற்றிக்கொள்ளுங்க. பிஸ்டன் அலுமினியம் என்பதால் அதில் காந்தம் ஒட்டாது. அதன் மேல் கிடக்கும் வாஷர் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும்.

வெளியே இழுக்கும்போது அவசரப்படாதீங்க. பிளக் மரையில் தட்டி மறுபடி உள்ளே விழுவது இந்த இடத்தில்தான்.

பிஸ்டன் அடியில் இருந்து கைக்கு எட்டவில்லை என்றால், நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றி பிஸ்டனை உயர்த்துவது உண்டு. பொருள் பிஸ்டன் மேல்தான் இருக்கிறது, வால்வு இடுக்கில் இல்லை என்று கேமராவில் பார்த்த பிறகே இதைச் செய்யணும். அதுவும் பாதித் தூரத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. அனுபவம் உள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை இது.

காந்தத்தில் ஒட்டாத பொருளை எடுப்பது எப்படி?

பித்தளை, அலுமினியம், பிளக்கின் உடைந்த பீங்கான் துண்டு ஆகியவை காந்தத்துக்கு வராது. இவற்றுக்கு மூன்று வழிகள்.

முதலாவது, கெட்டியான கிரீஸ். வளையும் குச்சி நுனியில் ஒரு உருண்டை பேரிங் கிரீஸை ஒட்டி, பொருளின் மேல் அழுத்தித் தூக்குவது. கேமராவையும் கூடவே விட்டால் குறி தப்பாது. கொஞ்சம் கிரீஸ் உள்ளே ஒட்டினாலும் எரிந்துபோகும்.

இரண்டாவது, நகம் போல விரிந்து மூடும் பிடிப்பான். பின்னால் இருக்கும் பட்டனை அழுத்தினால் முன்னால் நான்கு கம்பி விரியும், விட்டால் கவ்வும். வாஷரைவிட நட்டு, ஸ்க்ரூ எடுக்க இது வசதி.

மூன்றாவது, ஒல்லியான டியூபை வேக்குவம் கிளீனரில் மாட்டி உறிஞ்சுவது. உடைந்த பீங்கானுக்கு இது நல்ல வழி. ஆனால் எச்சரிக்கை: சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி இருந்தால், வேக்குவம் கிளீனர் மோட்டாரின் தீப்பொறியில் தீப்பிடிக்கலாம். ஸ்டார்ட் ஆகாமல் பலமுறை செல்ஃப் அடித்த வண்டியில் உள்ளே பெட்ரோல் நிச்சயம் இருக்கும். பிளக்குகளைக் கழற்றி நன்றாகக் காற்றாட விட்டு, பெட்ரோல் வாசனை துளியும் இல்லாதபோதுதான் இதைப் பற்றி யோசிக்கணும்.

கம்ப்ரஸர் காற்றை அடித்து வெளியே தள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். பொருள் தோட்டா போலக் கண்ணில் பாயலாம், இல்லையென்றால் திறந்திருக்கும் வால்வுக்குள் போய் மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கார்புரேட்டர் வாய்க்குள் விழுந்தால்...

ஏர் கிளீனரைக் கழற்றும்போது அதன் நட்டு கார்புரேட்டருக்குள் விழுவது அடிக்கடி நடப்பது. பத்மினியில் கார்புரேட்டரின் வாய் மேல்நோக்கி இருப்பதால் நேராக உள்ளே போகும்.

இங்கேதான் ஆக்சிலரேட்டர் விஷயம் வருகிறது. இன்ஜின் ஓடாதபோது கார்புரேட்டருக்குள் இருக்கும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். விழுந்த நட்டு பெரும்பாலும் அந்தத் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு திறந்து நட்டு மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். மிதிக்காமல் இருந்தால் காந்தத்தாலோ ட்வீசராலோ ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

இறங்கிவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றி உள்ளே பார்க்கணும். தெரியவில்லை என்றால் மேனிஃபோல்டையும் கழற்றணும். அம்பாசடரின் இந்த இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்டேக் வழிதான். 1, 2-க்கு ஒன்று, 3, 4-க்கு ஒன்று. அதனால் ஒரு வழியில் போன பொருள் இரண்டு சிலிண்டரில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது.

டேப்பெட் கவரைத் திறந்தபோது விழுந்தால்...

டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணும்போது மேலே இருக்கும் கவரைக் கழற்றுவோம். அதன் அடியில் புஷ் ராடுகள் இறங்கும் ஓட்டைகள் இருக்கின்றன. மேலே வந்த ஆயில் திரும்பக் கீழே போவதும் அந்த வழியில்தான். ஒரு சின்ன நட்டு அங்கே விழுந்தால், நடுவில் எங்காவது தங்கலாம், இல்லை கீழே ஆயில் சம்ப் வரைக்கும் போகலாம்.

"சம்புக்குள்ள போயிடுச்சுன்னா ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் சல்லடை இருப்பதால் நட்டு பம்புக்குள் போகாது. ஆனால் அது சம்ப் அடியில்தான் கிடக்கிறது என்று யார் பார்த்தது? கேம் ஷாஃப்ட் பக்கத்தில் தங்கியிருந்தால், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி ஏறும்போது விபரீதமாகிவிடும்.

முதலில் மேலிருந்து காந்தம் விட்டுப் பாருங்க. அடுத்து, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பெட் அறையின் தகட்டு மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். அங்கும் இல்லை என்றால் ஆயிலை வடித்து, வடிகட்டிப் பார்த்து, டிரெயின் ஓட்டை வழியாகக் காந்தத்தை விட்டுத் தேடணும். அதிலும் கிடைக்காவிட்டால் சம்பைக் கழற்றுவதுதான் சரி.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் ஸ்க்ரூ விழுந்தால்...

சாரல் காலத்தில் அதிகம் நடப்பது இதுதான். பாயிண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ கடுகு தாளிக்கும்போது தெறிப்பது போலத் தெறித்து ஓடும். டிஸ்ட்ரிபியூட்டரின் தட்டுக்கு அடியில் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே தருவது அவைதான். ஸ்க்ரூ அதில் சிக்கினால் டைமிங் கெடும். ஷாஃப்டே இறுகினால் அதைச் சுற்றும் பற்களும் உடையலாம்.

குத்தூசி போட்டுக் கிளறாதீங்க, இன்னும் உள்ளே போகும். ரோட்டர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுங்க. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஒரு கோடு போடுங்க. பிறகு அதை முழுதாகக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினால் ஸ்க்ரூ தானாக விழும். அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால், திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். போட்ட கோட்டையும் சேர்த்து வைத்தால் டைமிங் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஹெட்டை எப்போது கழற்றணும்?

கேமராவில் தெரிகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. இல்லை, பொருள் வால்வு இடுக்கில் சிக்கியிருக்கிறது. இல்லை, சிலிண்டருக்குள் போனது உறுதி, கேமராவில் காணோம். இந்த மூன்றில் எது நடந்தாலும் ஹெட்டைக் கழற்றுவதுதான் மலிவான வழி.

கேட்கப் பயமாக இருந்தாலும், இந்தப் பழைய இன்ஜின்களில் இது பெரிய ஆபரேஷன் இல்லை. பழகிய மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை, புது கேஸ்கெட், கூலி. கழற்றாமல் ஓட்டிப் பார்த்தால் பிஸ்டன், வால்வு, போரிங் என்று பில் நீளும். டாக்சியாக ஓடும் வண்டி என்றால் சீசனில் ஒரு நாள் வருமானம் போவது வேறு, ஒரு மாதம் ஷெட்டில் நிற்பது வேறு.

ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?

சுற்றுக்கு ஒரு முறை கூர்மையான 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே ஆஃப் பண்ணுங்க. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்க. எந்தப் பிளக்கின் நுனி நசுங்கி இடைவெளி மூடியிருக்கிறதோ, அந்த சிலிண்டரில்தான் பொருள் ஆடியிருக்கிறது. பொருளை எடுத்த பிறகும் கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்காமல் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால் வால்வு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பிளக்குக்குப் பதில் இன்ஜெக்டர்கள். ஏர் கிளீனர் பக்கமிருந்தோ, இன்ஜெக்டரைக் கழற்றும்போதோ பொருள் உள்ளே போகலாம். பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் பெட்ரோல் இன்ஜினைவிட ரொம்பக் குறைவு. ஒரு சுற்றுகூடத் தாங்காது.

விழாமலே தடுக்க முடியாதா?

முடியும். விமானங்களைப் பராமரிக்கும் இடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு இடம் வரைந்து வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் எல்லா இடமும் நிரம்பினால்தான் விமானம் கிளம்பும். அதே ஒழுங்கை நம் வீட்டு வாசலிலும் கொண்டுவரலாம்.

• கழற்றும் ஒவ்வொன்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைங்க. முடிந்ததும் எண்ணுங்க.

• பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றி இருக்கும் மண்ணை பிரஷ்ஷால் துடைங்க. சீசனில் தெறித்த சேறும் மணலும் உள்ளே விழுவதும் ஆபத்துதான்.

• திறந்த ஓட்டையை உடனே துணியால் மூடுங்க. பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிய துணியாக இருக்கட்டும்.

• ஸ்க்ரூ டிரைவர் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பாயிண்ட் ஸ்க்ரூ ஒட்டிக்கொள்ளும்.

• கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்க. சாரல் அடித்தால் ஒதுக்குப்புறம் பார்த்து நிறுத்திவிட்டு பானெட்டைத் திறங்க.

பாதி நேரம் பிளக்கைத் தொடவே தேவை இருக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வயர்களையும் காய்ந்த துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடும். அப்படியும் ஏதாவது கை நழுவி, 'டிங்' சத்தம் கேட்டால், நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: விழுந்த பொருள் கைக்கு வரும்வரை சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.